பிரேக் மாஸ்டரின் பர்ஸ்

ஜூன் 3

பர்ஸ் பெட்டி அனுப்பியவர்களுக்கு,

நீங்கள் ஐயாவா அம்மாவா, தனி ஆளா கம்பெனியா என்பது பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. தொலைபேசி எண் இல்லை. முகவரி மட்டும் இருக்கிறது. இந்தக் காலத்தில் இப்படி ஒளிந்துகொண்டு எப்படி வியாபாரம் செய்கிறீர்களோ தெரியவில்லை. அதைப் பற்றிப் புகார் சொல்ல இதை எழுதவில்லை. புகார் வேறு.

'உங்கள் பர்ஸை நீங்களே தையுங்கள்' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வெட்டிய தோல் துண்டுகள், மெழுகு பூசிய நூல், பசைக் குப்பி, உப்புத்தாள், இரண்டு ஊசி, ஒரு செய்முறைத் தாள் எல்லாம் இருந்தன. ஓரத்தில் துளைகளையும் நீங்களே வரிசையாகப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதுவரை சந்தோஷம்.

முதல் குறை: ஊசி முனை மழுங்கியிருக்கிறது. என் விரலில் வேண்டுமென்றே குத்திப் பார்த்தேன், ஏறவில்லை.

இரண்டாவது குறை: தையல். தொலைந்துபோனால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று ஓர் ஊசி கூடுதலாக வைத்திருக்கிறீர்கள் போல. அதைப் பத்திரப்படுத்திவிட்டு மற்ற ஊசியில் நூல் கோத்துத் தைத்தேன். மேலே ஒரு தையல் தெரிகிறது, அடுத்ததைக் காணோம். திருப்பிப் பார்த்தால் காணாமல் போனது அந்தப் பக்கம் இருக்கிறது. சாலை நடுவே விட்டுவிட்டுப் போட்ட வெள்ளைக் கோடு மாதிரி இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு, முன்னால் போகிற வண்டியை முந்தலாம் என்று பொருள். பர்ஸில் நான் யாரை முந்துவது?

மூன்றாவதும் முக்கியமானதும்: உங்கள் தாள். 'அவசரம் வேண்டாம். தோல் தானே வழி காட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சாயங்காலம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எதையும் காட்டவில்லை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஸ்டியரிங்கில் கை நடுங்க உட்கார்ந்திருப்பவரிடம் 'கார் தானே வழி காட்டும்' என்று நான் சொன்னால் என்ன ஆகும் என்று தயவுசெய்து யோசியுங்கள்.

உடனே பதில் தேவை.

இப்படிக்கு,
ஓட்டுநர் பள்ளி ஆசிரியர்


ஜூன் 8

அன்புள்ள ஐயா,

கம்பெனி இல்லை. தனி ஆள். பெண். சைக்கிள் கடைக்கு மேலே உள்ள ஓர் அறையில் வேலை செய்கிறேன். இரண்டு கையும் நூலில் இருக்கும்போது மணி அடித்தால் எடுக்க மூன்றாவது கை இல்லை. தொலைபேசி எண் இல்லாததற்கு அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கடிதம் என்றால் யோசித்துப் பேசலாம் என்பது நான் சொல்லாத காரணம்.

ஊசி முனை மழுங்கலாக இருப்பது குறை இல்லை. துளை ஏற்கெனவே இருப்பதால் அது குத்த வேண்டியதில்லை, நுழைந்தால் போதும். கூர் ஊசியாக இருந்தால் முன்பு போன நூலைக் கிழித்துவிடும்.

ஊசி இரண்டில் எதுவும் உபரி இல்லை. நூல் ஒன்றுதான், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. ஓர் ஊசி இந்தப் பக்கத்திலிருந்து ஒரு துளைக்குள் போகும். மற்றது அதே துளைக்குள் அந்தப் பக்கத்திலிருந்து வரும். இரண்டையும் ஒரே அளவில் இழுக்க வேண்டும். பிறகு அடுத்த துளை. இப்படிப் போனால் இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாத கோடு வரும். யாரும் யாரையும் முந்த முடியாது. இரண்டு கையும் ஊசியில் இருப்பதால், தோலைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி வேண்டும். நான் முழங்கால்களுக்கு நடுவே மரக் கவ்வி வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் இல்லையென்றால் இரண்டு மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டினாலும் போதும்.

தைத்ததைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். நூல் கெட்டுப்போயிருக்காது.

தாளைப் பற்றி: அதைப் பலமுறை அடித்துத் திருத்தி எழுதினேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

இப்படிக்கு,
பர்ஸ் செய்பவள்


ஜூன் 14

தங்கச்சிக்கு,

பெண் என்று தெரிந்த பிறகு முந்தைய கடிதத்தின் தொனிக்கு வருத்தப்பட்டேன். உள்ளே சொன்னதற்கு இல்லை.

இரண்டு ஊசி விஷயம் பிடிபட்டுவிட்டது. கவ்விக்கு மரக்கட்டை தேடினேன். வீட்டில் நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றும் நான் பாதியில் விட்ட ஏதாவது ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் பள்ளிக் காரில் உட்கார்ந்திருந்தபோது யோசனை வந்தது. கதவுக் கண்ணாடியை இறக்கி, தோலை அந்த இடுக்கில் நிற்க வைத்து, மெதுவாக ஏற்றினேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. உள்ளே நான், வெளியே பர்ஸின் மறுபக்கம். ஆனால் என் கை வெளியே எட்டவில்லை. நல்லவேளையாக மருந்துக்கடைக்காரம்மா வகுப்புக்கு வந்தார். நீண்ட நாளாக என்னிடம் படிக்கிறார். முன்னால் நன்றாகப் போவார், ரிவர்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொள்வார்.

"மாஸ்டர், இன்னைக்கு ரிவர்ஸ்னு சொன்னீங்களே."

"இதுவும் ரிவர்ஸ்தாம்மா. நான் அனுப்புறத அந்தப் பக்கம் வாங்கி அதே ஓட்டையில திருப்பி அனுப்புங்க."

"இதுக்கும் ஃபீஸா?"

"பேசாம இழுங்கம்மா."

அவர் கை மாத்திரை எண்ணிப் பழகிய கை. நன்றாகத்தான் வருகிறது. உள் பக்கத்துக் கார்டு அறைகள் தைத்தாகிவிட்டன.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் பதில் சீக்கிரம் போடுவீர்கள். என்னை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்பார்கள். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. இத்தனை வருடமாக என் வேலை அதன்மேல் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். என் மனைவி சொல்வது, அந்தக் காலை நான் வீட்டுக்கும் எடுத்து வந்துவிடுகிறேன் என்று. செருப்பு அலமாரிக்கு முதுகு இல்லை. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கி வந்தாகிவிட்டது, ஜன்னலில் இருக்கிறது. சமையலறைச் சுவரில் பச்சை வண்ணம் அடுப்பு வரைக்கும் வந்து நிற்கிறது. வண்ணம் அடித்த வருடத்தில் பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

ஏப்ரலில் ஒருநாள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே காய் நறுக்கியவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஊருக்கெல்லாம் பிரேக் போட்டுக் குடுங்க, வேணாங்கல. வீட்டுல ஏங்க எல்லாத்துக்கும் பிரேக்கு?" என்றாள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று சொன்னது இதுதான்: "ஒண்ணு. ஒரே ஒண்ணு. ஆரம்பிச்சு, முடிச்சு, என் கையில குடுங்க. அப்புறம் வர்றேன்."

அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வெளியூரில் புதிதாக ஒரு கிளை திறக்கிறார்கள். அங்கே வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் அக்கா என்னிடம் சொன்னார், அவள் சொல்லவில்லை.

அதனால்தான் பர்ஸ். பெரிய பொருள் என்றால் நடுவில் நிறுத்திவிடுவேன். இவ்வளவு சின்னதாக இருந்தால் நிறுத்த இடமே இருக்காது என்று நினைத்தேன்.

பிரேக் மாஸ்டர்


ஜூன் 19

அன்புள்ள மாஸ்டர்,

கண்ணாடியை ஏற்றி இறக்கும்போது தோலில் கோடு விழும். இடையில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக்காரம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும், ஒரு காருக்கு வெளியே நின்று யாரோ என் தோலைத் தைப்பதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே சைக்கிள் கடைக்காரர் படியேறி வந்து "என்னம்மா, யாராவது வந்திருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். என் அறையில் சிரிப்புச் சத்தம் அவ்வளவு அபூர்வம்.

இனி செய்ய வேண்டியது. கார்டு அறைகள் தைத்த உள் துண்டுகளை வெளித் துண்டின்மேல் வைத்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய பசை. இரவெல்லாம் ஒரு கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். கனமான புத்தகம் இல்லையென்றால் அரிசி டப்பா. பிறகு இடப்பக்கம், கீழ்ப்பக்கம், வலப்பக்கம் மூன்றையும் ஒரே ஓட்டமாகத் தையுங்கள். மேல்பக்கத்தைத் தொடாதீர்கள், பணம் வைக்கிற வாய் அது. அதைத் தைத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் இரண்டு துளை பின்னுக்கு வந்து நூலை வெட்டினால் முடிந்தது.

உங்களுக்கு இதில் எவ்வளவு இருக்கிறது என்று இப்போது தெரியும். அதனால் சொல்கிறேன்: நேரம் போதாமல் போனால் இருக்கிறபடியே எனக்கு அனுப்பிவிடுங்கள். நான் முடித்து அனுப்புகிறேன். பாதியில் நின்ற பெட்டிகள் பல என்னிடம் திரும்பி வந்திருக்கின்றன. இது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

பர்ஸ் செய்பவள்


ஜூன் 25

தங்கச்சிக்கு,

நீங்கள் முடித்து அனுப்புவதா! நான் என்ன சின்னப் பிள்ளையா, பரீட்சைக்கு வேறு ஆளை உட்கார வைக்க? என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் "மாஸ்டர், டெஸ்ட் அன்னைக்கு நீங்களே ஓட்டிடுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்" என்று கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஒருவருக்காவது இணங்கியிருப்பேனா?

பர்ஸ் கிட்டத்தட்ட ஆகிவிட்டது. பசை போட்டேன், அரிசி டப்பாவின் அடியில் வைத்தேன், இடப்பக்கம் தைத்தேன், கீழ்ப்பக்கம் தைத்தேன், மூலை திரும்பினேன். வலப்பக்கத்தில் ஒரு விரல் நீளம்தான் பாக்கி. இரண்டு ஊசியும் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஒரு சின்ன சந்தேகம். வலப்பக்கத்துக் கார்டு அறைகளின் வாய் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒட்டும்போது திரும்பிவிட்டது போல. லைசன்ஸை வைத்துத் தூக்கிப் பார்த்தேன், காலடியில் விழுந்தது. இது பரவாயில்லையா?

நாளை முடித்துவிடுவேன்.

பிரேக் மாஸ்டர்

பி.கு. சும்மா தெரிந்துகொள்ளத்தான்: நீங்கள் முடித்து அனுப்புவதென்றால் எத்தனை நாள் ஆகும்?


ஜூலை 10

அன்புள்ள மாஸ்டர்,

நாளை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாளை வந்து போய் வெகுநாள் ஆகிறது.

என்னிடம் பர்ஸ் பெட்டி வாங்கியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. பெட்டியைக் கட்டித் தபால் நிலையத்தில் கொடுத்தால், பாதியில் திரும்பி வந்ததை முடித்து அனுப்பினால், என் வேலை முடிந்தது என்றிருந்தேன். இப்போது தபால்காரர் படிகளில் ஏறும் சத்தம் கேட்டால் ஊசியைக் கீழே வைத்துவிடுகிறேன். அவர் கேட்டேவிட்டார்: "என்னம்மா, வேலைக்குக் கிலைக்கு எழுதிப் போட்டிருக்கீங்களா?" ஒருவருடைய வலப்பக்கத்தில் ஒரு விரல் நீளம் பாக்கி இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

தலைகீழ் கார்டு அறைகளைப் பற்றி: பசை காய்ந்து தையலும் விழுந்தபின் அதைத் தொட வேண்டாம். பர்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் அந்தப் பக்கம் நேராகிவிடும்.

ஜூலை ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களிடம் பாக்கி இருக்கும் தையல்களைப் போட, நன்றாகத் தடுமாறினாலும், ஒரு டம்ளர் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது. என்னதான் செய்துகொண்டிருக்கிறீர்கள்?

பர்ஸ் செய்பவள்


ஜூலை 14

தங்கச்சிக்கு,

பர்ஸைத் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் வைத்திருந்தேன். அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று தொலைக்காட்சியையே அணைத்துவிட்டேன்.

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். வேலை முடிந்து வருகிறாள். வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள், நெற்றியில் அதன் கோடு இருந்தது.

"என்னமோ தைக்கிறீங்களாமே."

"யாரு சொன்னா?"

"தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரம்மா சொன்னாங்க. ரிவர்ஸ் வரலையாம், தையல் நல்லா வருதாம்."

"தலைவலியா உனக்கு?"

"அத விடுங்க. முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"மாதிரியா," என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். எழுதிப் பார்த்தால் எனக்கும் தெரியும் என்று எழுதுகிறேன். தொழிற்சாலையில் அவள் வேலை பிஸ்கட்டைச் சரிபார்ப்பது. பெல்ட்டில் பிஸ்கட் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரம் கருகியது, நடுவில் குழி விழுந்தது, வட்டம் கோணியது எதையும் அவள் உற்றுப் பார்ப்பதில்லை. கை தானாகப் போய் எடுத்துத் தள்ளிவிடும். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவாள், பாவம், கண்ணை அங்கே கழற்றி வைத்துவிட்டா வர முடியும்? கல்யாணமான புதிதில் ஒரு ஸ்டூல் செய்தேன். முடித்தேன். கொண்டுவந்து அவள் முன்னால் போட்டேன். "நல்லா இருக்குங்க. ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை," என்றாள். அவ்வளவுதான். அன்போடுதான் சொன்னாள். அந்த ஸ்டூலில் பல வருடம் ஆடி ஆடி உட்கார்ந்தும் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் முடித்த ஞாபகம் இல்லை. பாதியில் இருக்கும் ஸ்டூலைப் பார்த்து யாரும் கால் குட்டை என்று சொல்ல மாட்டார்கள். இன்னும் முடியலையா என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது, அது வலிப்பதில்லை.

இந்தப் பர்ஸை இப்போது யார் பார்த்தாலும், ஆகிக்கொண்டிருக்கிற பர்ஸ். அந்த ஒரு விரல் நீளத்தையும் தைத்துவிட்டால் கோணல் பர்ஸ். அதை எடுத்துக்கொண்டு அந்தக் கண்ணின் முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் "சரியில்ல" என்று சொல்லிவிட்டால் அப்புறம் சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

இத்துடன் பர்ஸை அனுப்பியிருக்கிறேன். டெஸ்டுக்கு வேறு ஆளை உட்கார வைப்பதைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடுங்கள். முடித்து, முடிந்தால் மற்றதையும் கொஞ்சம் சரிசெய்து, இருபத்தைந்தாம் தேதிக்குள் கிடைக்கும்படி அனுப்புங்கள். அவளுக்குத் தெரியப்போவதில்லை.

பிரேக் மாஸ்டர்


ஜூலை 18

அன்புள்ள மாஸ்டர்,

பர்ஸ் நேற்றே வந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு மற்ற வேலைகளைச் செய்தேன். பிறகு விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் பாதி வரை தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அதற்கப்பால் மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த இடத்தில்தான் மருந்துக்கடைக்காரம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இடது மூலையில் நூலை மிகவும் இழுத்திருக்கிறீர்கள். ஏதோ திட்டு ஞாபகம் வந்த மாதிரி. வலப்பக்கம் தளர்ந்திருக்கிறது. முடியப்போகிறது என்று தெரிந்த கை அது.

கவ்வியில் வைத்து இரண்டு ஊசியையும் கையில் எடுத்தேன். ஒரு தையல் போட்டேன். மன்னியுங்கள், உடனே பிரித்துவிட்டேன்.

காரணம் சொல்கிறேன், இது அறிவுரை இல்லை, தொழில் சம்பந்தப்பட்டது. நான் போட்ட அந்த ஒரு தையல் நேராக இருந்தது. அந்த வரிசையில் நேராக இருந்த ஒரே தையல் அதுதான். கருகிய பிஸ்கட் குவியலில் ஒன்று மட்டும் பொன்னிறமாக இருந்தால் உங்கள் மனைவி என்ன நினைப்பார்? பெல்ட்டின் வேகத்தில் போனாலும் பிடித்துவிடுவார். அப்புறம் நீங்கள் முடிக்கவில்லை என்பது மட்டும் இல்லை, முடித்ததாகக் காட்டினீர்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும். சரி, உங்கள் கையைப் போலவே கோணலாகத் தைக்கலாம் என்று முயன்றேன். வரவில்லை. உண்மையாகவே முயன்றேன். கோணல்கூட ஒவ்வொருவருக்கும் சொந்தம் போல.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் பர்ஸ் இல்லை. செய்கிறேன், விற்கிறேன், சில்லறையைத் துணிப்பையில் முடிந்து வைத்திருக்கிறேன். எனக்கென்று எடுத்து வைத்த ஒவ்வொன்றிலும் எனக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒரு குறை இருந்தது. குறை தெரியாதவர்களிடம் அது நிம்மதியாக இருக்கட்டும் என்று விற்றுவிட்டேன். உங்கள் மனைவி பார்க்கிற மாதிரி என் வேலையை யாராவது பார்த்திருந்தால் நான் எத்தனை பர்ஸ் செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஒருவேளை முழங்கால்களுக்கு நடுவில் ஒன்றே ஒன்று, முடியாமல், பல வருடமாக.

ஆகையால் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் கேட்டதை நீங்கள் திரும்ப ஒருமுறை நினைத்துப் பாருங்கள், நீங்கள் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. ஆரம்பித்து, முடித்து, கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நன்றாக என்ற சொல்லே அதில் இல்லை.

வந்தபடியே திருப்பி அனுப்புகிறேன். நூலுக்கு மட்டும் புதிதாக மெழுகு தேய்த்திருக்கிறேன். அது எல்லா வாடிக்கையாளருக்கும் உண்டு.

பர்ஸ் செய்பவள்


ஆகஸ்ட் 2

தங்கச்சிக்கு,

உங்கள் பொட்டலத்தைப் பிரித்தபோது வந்த கோபத்தில் நான் பிரேக்கை மிதித்த மிதியில், அன்றைக்கு வகுப்புக்கு வந்தவர்களின் தலை ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போய் வந்தது. பிறகு கோபம் குறைந்தது. பிறகு நாள்கள் குறைந்தன. கடைசியில் முப்பதாம் தேதி சாயங்காலம் பர்ஸை அப்படியே, இரண்டு ஊசியும் தொங்க, எடுத்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டில் வைத்து முடித்திருக்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அவர்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தையலுக்கும் என் கால் கீழ்ப்படியை அழுத்திக்கொண்டே இருந்தது. இல்லாத பிரேக்கை.

கதவு திறந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். உள்ளே திரும்பி, "ஏய், உன் வீட்டுக்காரர் படியில உட்கார்ந்து தைச்சுக்கிட்டிருக்கார். உள்ள கூப்பிடவா, இல்ல முடியட்டும்னு விடவா?" என்றார்.

"முடியட்டும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆனால் ஆள் வந்துவிட்டாள். பின்னால் நின்றாள். நான் திரும்பவில்லை. இரண்டு துளை பின்னுக்கு வந்தேன். நூலை வெட்டக் கத்தரி இல்லை, பல்லால் கடித்தேன். எழுந்து அவள் கையில் கொடுத்தேன்.

தங்கச்சி, லைசன்ஸ் டெஸ்டில் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வருவாரே, அப்போது ஓட்டுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

திருப்பினாள். கட்டை விரலை ஓரத்தில் ஓட்டினாள். "இங்க நூல் இழுத்திருக்கு."

"ம்."

"இந்த ஓரம் அலையுது. இது வேற கை."

"மருந்துக்கடைக்காரம்மா."

"தெரியும். இது என்னங்க, தலைகீழா?"

"இப்படிப் பிடிச்சா நேரா இருக்கும்."

"யாரு சொன்னா?"

"பர்ஸ்காரப் பொண்ணு."

"நல்ல பொண்ணு," என்றாள். இன்னொரு முறை திருப்பினாள். கடைசி விரல் நீளத்தில் அவள் கட்டை விரல் வெகுநேரம் நின்றது. பிறகு மூடி, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ரிஜக்ட்."

நான் நினைத்துப் பயந்தது அதுதான். சொல்லியும்விட்டாள். விநோதம் என்னவென்றால் படி அப்படியே இருந்தது, நானும் நின்றுகொண்டிருந்தேன். 'முடிச்சுட்டேன் இல்ல, அது போதும்' என்று சொல்லிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"எங்க போறீங்க?"

"அதான் சொல்லிட்டியே."

"ஏங்க," என்றாள், "இத்தனை வருஷமா டீயில நனைச்சு நனைச்சுத் தின்னீங்களே, நம்ம வீட்டுல ஒருநாளாவது முழு பிஸ்கட் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. பஸ் கூட்டத்துல உன் பையில நசுங்கிடுதுன்னு நெனச்சேன்."

அவள் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கும்போது அவளுக்கு மூக்கு விடைக்கும், அது விடைத்திருந்தது. "பெல்ட்டுல நான் எடுத்துத் தள்றத யாரும் குப்பையில போட மாட்டாங்க. நல்லது கடைக்குப் போகும். ரிஜக்ட் ஆனது எங்க வீடுகளுக்குப் போகும். இருங்க, துணிமணிய எடுத்துட்டு வர்றேன்."

வரும் வழியில்தான் வெளியூர் வேலையைப் பற்றிக் கேட்டேன். கேட்கும்போது பேருந்துக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காலையில வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். அங்க க்ரீம் பிஸ்கட்தான் போடறாங்களாம். நடுவுல க்ரீம் வச்சு மூடிட்டா உள்ள என்ன கோளாறுன்னு எவளுக்குத் தெரியும்?"

இப்போது அந்தப் பர்ஸ் அவளிடம் இருக்கிறது. தொழிற்சாலை அடையாள அட்டையை அதில்தான் வைத்திருக்கிறாள், நேர்ப் பக்கத்தில். தலைகீழ்ப் பக்கத்தில் எதுவும் வைப்பதில்லை. சும்மா இருக்கும்போது அதில் கட்டை விரலை விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இத்துடன் உங்களுக்கு ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பச் சொன்னாள். பிஸ்கட் உடைந்திருக்கும். தபாலில் உடைந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

பிரேக் மாஸ்டர்